ஒரு லோடு மணல்

வீட்டு முன்புறத்துப் புல்தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் ஒரு லோடு மணல் அடித்துச் சமன் செய்துவிட வேண்டும் என்று ஓர் அபிப்பிராயம் எங்கள் பக்கத்தில் பரவியிருக்கிறது. புல் வேர் பிடிக்கிறதோ இல்லையோ, இந்த அபிப்பிராயம் நன்றாக வேர் பிடித்துவிட்டது. ராயபுரத்தில் பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்தவர், திருவொற்றியூரில் பென்ஷன் பணத்தில் வீடு கட்டி வாசலில் இரண்டு பாய் அகலத்துக்குப் புல் பதித்தவர், எண்ணூரில் கம்பெனிக் குடியிருப்பை விட்டு வந்த பிறகும் அந்தக் குடியிருப்பின் பச்சையை மறக்க முடியாதவர் – எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். இது தவறு என்பது என் கட்சி. தவறு மட்டுமல்ல, அக்கிரமம் என்றும் சொல்வேன். இந்த இரண்டாவது வார்த்தையைக் கேட்டுப் புருவத்தை உயர்த்துகிறவர்கள் கொஞ்சம் பொறுமையோடு மேலே படிக்க வேண்டும்.

புல்தரை மேல் உள்ள ஆசையையே நான் குறை சொல்ல வரவில்லை. விடியற்காலையில் வெறுங்காலோடு அதில் நாலு நடை நடந்தால் மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது. சாணம் தெளித்துக் கோலம் போட வேண்டிய வாசலில் வெள்ளைக்காரன் புல் எதற்கு என்று கேட்கிற தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அருகம்புல் பிள்ளையாருக்கும் உகந்தது, பந்தாட்ட மைதானத்துக்கும் உகந்தது. அதில் வெள்ளைக்காரன் என்ன, கறுப்பன் என்ன? என் சண்டை புல்லோடு அல்ல; மணலோடும் அல்ல. அந்த 'ஒரு லோடு' இருக்கிறதே, அதோடுதான்.

கணக்கைப் பாருங்கள். நடுத்தரக் குடும்பத்து வீட்டுப் புல்தரை என்பது இருபது அடி நீளம், பதினைந்து அடி அகலம் இருந்தால் பெரிய காரியம். முந்நூறு சதுர அடி. புல்தரையை மணல் தூவி மட்டப்படுத்துகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு: ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போடக்கூடாது. முந்நூறு சதுர அடிக்கு அரை அங்குலம் என்றால் பன்னிரண்டரைக் கன அடி மணல். சிமெண்டுச் சாக்கில் அள்ளினால் பத்துச் சாக்கு. அதுவும் தரை முழுவதும் போட்டால்தான்; பள்ளம் விழுந்த இடத்துக்கு மட்டும் போட்டால் மூன்று சாக்கில் தீர்ந்துபோகும். ஆனால் லாரி எப்படி வருகிறது? யூனிட் கணக்கில் வருகிறது. ஒரு யூனிட் நூறு கன அடி. சின்ன வண்டியே இரண்டு யூனிட்டுக்குக் குறைந்து வராது. இருநூறு கன அடியை முந்நூறு சதுர அடியில் பரப்பினால் எட்டு அங்குலம் உயரம். எட்டு அங்குலம் என்பது சமன் செய்வது அல்ல, சமாதி கட்டுவது.

வாங்கிய மணலை யாரும் வீணாக்க மாட்டார்கள். அது நம் குணம். நண்பர் ஒருவர் வீட்டில் கண்ணால் கண்டேன். தொழிற்சாலையில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மானேஜர் பங்களாவின் புல்தரையை கேட்டுக்கு வெளியே நின்றபடியே பார்த்துப் பார்த்துப் பழகியவர். அவர் மனசில் ஒரு பச்சைக் கம்பளம் அப்போதே விரிக்கப்பட்டுவிட்டது. அதில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. பள்ளம் இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று, குடிநீர்க் குழாய் பதித்த பள்ளத்தைச் சரியாகத் திமிசு போடாமல் மூடிய இடம். மற்றொன்று, பெருச்சாளி வளை. இந்த இரண்டுக்கும் சேர்த்து அரைக் கூடை மண் போதும். அவர் லாரிக்குச் சொல்லிவிட்டார். பள்ளம் நிரம்பியது, மணல் மீந்தது. மீந்ததை என்ன செய்வது? பரப்பினார். தரை முழுக்கப் பரப்பினார். பக்கவாட்டுச் சந்தில் பரப்பினார். பின்கட்டில் பரப்பினார். மொத்த மனையும் அரை அடி மேலே வந்துவிட்டது. புல் மட்டும் மேலே வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குப் பெரிய தாவர சாஸ்திரம் தேவையில்லை. புல் உயிரோடு இருப்பது இலையால். இலை உயிரோடு இருப்பது வெளிச்சத்தால். மணல் தூவிய பிறகும் இலை நுனி வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படித் தூவி, துடைப்பத்தாலோ பலகையின் விளிம்பாலோ தள்ளித் தள்ளிப் புல்லின் அடிக்கு மணலை இறக்கி, தண்ணீர் தெளித்துவிட்டு, மூன்று நாலு வாரம் காத்திருந்தால் புல் அந்த மணலுக்குள் ஏறி வந்து அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். பிறகு இன்னொரு தடவை. ஆழமான பள்ளமாக இருந்தால் மணலே மேலே போடக்கூடாது. புல்லை வேரோடு ஒரு தட்டாக மண்வெட்டியால் பெயர்த்து, கீழே மண்ணை நிரப்பி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, தட்டைத் திரும்ப வைக்க வேண்டும். இதற்கு வேண்டியது பொறுமை. லாரிக்காரரிடம் பொறுமை விற்பனைக்கு இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. களிமண் தரையின்மேல் வெறும் மணலைக் கனமாகப் போட்டால் இரண்டும் கலக்காது. மழைத் தண்ணீர் மணல் வழியாகச் சடாரென்று இறங்கிக் களிமண் முகத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். வேர் அந்த எல்லையில் தயங்கும். மேலே காய்ச்சல், கீழே சேறு. மணலி, மாதவரம் பக்கத்துத் தோட்டங்களுக்கு இது பொருந்தும். கடலோரத்து ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நிலைமை நேர்மாறு: இங்கே பல இடத்தில் இரண்டு அடி தோண்டினால் மணலே வருகிறது. மணல்மேல் குடியிருந்துகொண்டு மணலை விலைக்கு வாங்குகிற விசித்திரத்தை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்?

புல்தரைக்கு மணல் என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால் ஸ்காட்லாந்துக் கடற்கரைக்குப் போய்ச் சேருகிறோம். செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் கோல்ஃப் மைதானத்தை 1860களிலிருந்து பல ஆண்டுகள் பராமரித்த டாம் மாரிஸ் என்பவர், ஒரு நாள் கைவண்டியிலிருந்து மணல் தவறிக் கொட்டிய இடத்தில் புல் செழிப்பாக வளர்ந்ததைக் கண்டார் என்றும், அதிலிருந்து மணல் தூவுவதையே வழக்கமாக்கினார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, அந்த இடம் உண்மை. அது கடல் மணல் காற்றில் பறந்து படிந்து, அதன்மேல் புல் தானாக முளைத்த மேடு. கடல் கொடுத்ததைக் கடலோரத்திலேயே கொஞ்சம் இறைத்தார்கள். அங்கேயும் தூவினார்களே ஒழிய, கொட்டவில்லை. நாம் என்ன செய்தோம்? 'மணல்' என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டு 'தூவு' என்ற வார்த்தையை விட்டுவிட்டோம். வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொள்வது குற்றமில்லை. பாதி கற்றுக்கொள்வதுதான் ஆபத்து.

அவனிடம் போவானேன்? நிலத்தை மட்டப்படுத்துவதில் தமிழனுக்குப் பாடம் சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது? சேற்றில் பரம்பு அடிக்கிற குடியானவரைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பலகை, இரண்டு மாடு. மேட்டில் இருக்கிற மண்ணை வழித்துப் பள்ளத்தில் விடுகிறார். வயலில் தேங்கியிருக்கிற தண்ணீர்தான் அவருக்கு மட்டப்பலகை. தண்ணீருக்கு வெளியே தெரிவது மேடு, உள்ளே மறைந்தது பள்ளம். வேலை முடிகிறபோது வயல் கண்ணாடி போல் இருக்கும். ஒரு கூடை மண்கூட வெளியிலிருந்து வந்திருக்காது. நிலத்தின் மேடும் பள்ளமும் ஒன்றுக்கொன்று கடன்பட்டவை என்று அவருக்குத் தெரியும். பள்ளத்துக்கு வேண்டியது பக்கத்து மேட்டிலேயே இருக்கிறது. நம் புல்தரையிலும் அப்படித்தான். தூக்கிக்கொண்டிருக்கிற புல்லைத் தட்டாகப் பெயர்த்து அடியில் இரண்டு பிடி மண்ணை எடுத்தால், அந்த இரண்டு பிடியே அடுத்த குழிக்குக் காணும்.

சரி, கொட்டுகிற மணல் யாருடையது? இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

ஆற்று மணலானால், ஏதோ ஓர் ஆற்றின் வயிற்றிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் அரசே மணல் குவாரிகளை எடுத்துக்கொண்டு பொதுப்பணித் துறை வழியாக நடத்த ஆரம்பித்தது. தனியார் அள்ளினாலும் சர்க்கார் அள்ளினாலும் ஆற்றுக்கு வித்தியாசம் தெரியாது. ஆற்று மணல் என்பது வெறும் தூசி அல்ல. வெள்ளத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் கிணறுகளுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிற ஜாடி. ஆரணியாறும் கொசஸ்தலையும் பாய்கிற மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததில் கடல் நீர் உள்ளே ஏறி, நல்ல தண்ணீர்க் கிணறுகள் உப்பாகிப்போன கதை ஊரறிந்தது. பிறகு அதே மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்குகிற நிலையத்தை 2010ல் திறந்தோம். உப்பை ஏற்றியும் ஆகிவிட்டது, உப்பை இறக்கியும் ஆகிவிட்டது. நடுவில் புல்தரைக்கு ஒரு லோடு.

கடல் மணலானால் இன்னும் விசேஷம். கரையில் மணல் அள்ளுவதற்கு 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையிலிருந்தே தடை இருக்கிறது. தடை இருக்கட்டும், அந்த மணலில் உப்பு இருக்கிறது, புல்லின் வேரைக் கருக்கிவிடும் என்பதாவது அள்ளுகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. வடசென்னையின் கரையில் அள்ளுவதற்கே மணல் இல்லை. அதை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி அலை அதைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவக் காற்றுக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம். ஆறு ஓடுவதைப் போலக் கரையோரமாக ஒரு மணல் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் – பின்னால் ஏழாம் எட்வர்டு மன்னர் ஆனவர் – சென்னைச் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கல்லைக் கொட்டிக் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டினார்கள். 1881 நவம்பரில் புயல் வந்து பெருவாரியாக உடைத்தெறிந்தது. திரும்பவும் கட்டினார்கள். மணல் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டினால் என்ன ஆகும்? தெற்கே தேங்கும்; வடக்கே வறளும். கோட்டை மதிலுக்கு அருகே அலையடித்துக்கொண்டிருந்த கடல் தெற்கே விலகிக்கொண்டே போனது. கிராண்ட் டஃப் என்ற கவர்னர் மெரினா என்று பெயரிட்டு உலாவச் சாலை அமைத்த கரை, அதற்குப் பிறகு அகலமாகிக்கொண்டே வந்தது. துறைமுகத்தின் கிழக்கு வாசலை மணல் அடைக்கப் பார்த்ததால், பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை மூடி வடகிழக்கில் வேறு வாசல் திறந்தார்கள்.

மெரினாவுக்கு வந்த மணல் எங்களுக்கு வந்திருக்க வேண்டிய மணல். அது வராததால் ராயபுரத்தில், காசிமேட்டில், திருவொற்றியூரில் கடல் நிலத்தைத் தின்றது. செம்படவர் குடிசைகள் போயின. வலை உலர்த்துகிற இடம் போயிற்று. எண்ணூர் நெடுஞ்சாலையையே கடல் கடித்தது. இன்று ராயபுரத்தில் கடலைப் பார்க்கப் போனால் காலில் மணல் படாது. கருங்கல் சுவர்தான் நிற்கும். வடக்கே போகப் போக, கடலுக்குள் கல்லால் நீட்டிய தடுப்புகள். அங்கே கட்டுமரத்தைக் கரையேற்றுகிறவரிடம் போய், ஒருவர் தன் வீட்டுப் புல் மீது நடக்கும்போது கால் இடறுகிறது, அதற்காக இரண்டு யூனிட் மணல் வாங்குகிறார் என்று சொல்லிப் பாருங்கள். அவர் சிரிக்க மாட்டார். சென்னை பாஷையில் ஏதாவது சொல்வார். அதை அச்சிட முடியாது.

இனி, மேட்டைப் பற்றி. மணலில் பெரிய தீங்கு மணல் அல்ல, அது கொடுக்கிற உயரம். வடசென்னை தட்டையான ஊர். பல தெருக்களில் தண்ணீருக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியாது. அரை அடி ஏற்றத்தாழ்வுதான் இங்கே மலையும் மடுவும். நீங்கள் உங்கள் வாசலை அரை அடி உயர்த்தினால், அங்கே தேங்கி மண்ணில் இறங்கியிருக்க வேண்டிய மழைத் தண்ணீர் எங்கே போகும்? தண்ணீர் நீதிமன்றத்துக்குப் போகாது. பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீடு தாழ்வாக இருப்பது அவர்களுடைய ரசனைக் குறைவால் அல்ல, கையில் பணம் இல்லாததால்.

நண்பர் வீட்டில் லாரி நின்றபோது பின்சந்திலிருந்து ஒரு கிழவி எட்டிப் பார்த்தாள். "இன்னா சார், திரும்பியும் மண்ணு அடிக்கிறியா? போன தபா ரோட்டை ஏத்துனானுங்க, இப்ப நீ ஏத்துறே. நான் எங்கே ஏத்துறது? கட்டிலை ஏத்தி ஏத்தி ஓட்டுல முட்டுது" என்றாள். நண்பர் காதில் விழாதவர் போல மேஸ்திரியோடு பேசிக்கொண்டிருந்தார். ஆனால் கிழவி சொன்னதில் ஒரு வார்த்தை அதிகப்படி இல்லை. பழைய தார்ச் சாலையைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு வீடுகளைப் பள்ளத்தில் தள்ளியது இந்த நகரத்தின் நெடுநாள் வழக்கம். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட வேண்டியிருந்தது. சாலைக்காரன் செய்ததைக் குற்றம் என்று பேசுகிற நாம், அதையே நம் வாசலில் செய்துவிட்டு அழகு என்கிறோம்.

2015 டிசம்பரை மறந்தவர்கள் இருக்கலாம். 2023 டிசம்பரை இந்தப் பக்கத்தில் மறந்தவர் இருக்க முடியாது. மிக்ஜாம் புயல் மழையில் வெள்ளம் வந்தது. அதோடு மணலிப் பக்கத்து எண்ணெயும் கலந்து வந்தது. எர்ணாவூரிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. வலையில் எண்ணெய், படகில் எண்ணெய், பாத்திரத்தில் எண்ணெய். அந்தக் கோடு எந்த வீட்டில் எவ்வளவு உயரத்தில் விழுந்தது என்று பார்த்துக்கொண்டே நடந்தால், யார் யார் மனையை உயர்த்தியிருக்கிறார்கள், யார் உயர்த்தவில்லை என்று ஒரு ஜாபிதாவே எழுதிவிடலாம். எண்ணூர்க் கழிமுகத்தையும் உப்பளத்தையும் சதுப்பையும் 'வெறும் பள்ளம்' என்று நினைத்து, நிரவி, சாம்பலும் மண்ணுமாய் மூடிய புத்திக்கும், வாசல் பள்ளத்தைக் கண்டால் லாரிக்குப் போன் செய்கிற புத்திக்கும் அளவில்தான் பேதம்.

"ஒரு லோடு மணலால் உலகம் முழுகிப்போகுமா?" என்று ஆட்சேபம் கிளப்புவார்கள். உலகம் எல்லாமே லோடு லோடாகத்தான் மணலை அள்ளுகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2019ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி வருஷத்துக்கு நாலாயிரம் கோடியிலிருந்து ஐயாயிரம் கோடி டன் வரை மணலும் ஜல்லியும் செலவாகின்றன. வீடு கட்ட வேண்டும், பாலம் கட்ட வேண்டும். அதற்கு மணல் வேண்டாம் என்று சொல்ல நான் சந்நியாசி அல்ல. ஒரு குடும்பம் தலைக்குமேல் கூரை போட எடுக்கிற மணலையும், கால் இடறாமல் இருக்க எடுக்கிற மணலையும் ஒரே தராசில் வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

"அப்படியானால் எம்-சாண்ட் போடலாமே" என்பார் இன்னொரு புத்திசாலி. எம்-சாண்ட் என்பது பாறையை உடைத்துப் பொடித்தது. கான்கிரீட்டுக்கு அது சரி. கூர்முனைக் குருணையும் பவுடரும் சேர்ந்து, தண்ணீர் பட்டுக் காய்ந்தால் இறுகிப்போகும். புல்லுக்குத் தார் போட்ட மாதிரி. ஆற்றுக்கு இரங்கி மலையை உடைத்ததுதான் மிச்சம்.

ஆகையால், பள்ளம் கண்ணை உறுத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இது. முதலில் ஒரு மழைக்குக் காத்திருங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே இறங்கிவிடுகிற பள்ளமானால் அதைத் தொடவே தொடாதீர்கள். அது உங்கள் வீட்டுக் கிணற்றின் வாய். மறுநாளும் நிற்கிற பள்ளமானால் கீழே என்ன இருக்கிறது என்று தோண்டிப் பாருங்கள். செங்கல் துண்டோ, சிமெண்டுக் கட்டியோ, வளையோ, உடைந்த குழாயோ இருக்கும். காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே மணல் போட்டால் அடுத்த வருஷமும் அதே இடம் இறங்கும். தோட்டத்து மண்ணே முக்கால்வாசிக் குழிக்குப் போதும். குறைகிற மேல்பூச்சுக்கு, வீடு கட்டுகிற இடத்தில் தளத்தைப் பெருக்கி மூலையில் ஒதுக்கியிருக்கிற மணலில் இரண்டு சாக்குக் கேட்டு வாங்கி, சல்லடையில் சலித்து, மக்கின எருவோடு கலந்து தூவுங்கள். மேஸ்திரி காசு கேட்க மாட்டார். டீக்குக் கொடுத்தால் போதும்.

இதையும் ஆனி, ஆடியில் செய்ய வேண்டும். புல் அப்போதுதான் வேகமாக ஏறும். ஐப்பசி வரைக்கும் தள்ளிப்போட்டால், தூவியது எல்லாம் முதல் மழையிலேயே கரைந்து பின்சந்துக் கிழவி வீட்டு அடுப்புக்குள் போய்விடும்.